சாய்ந்தால் குதிக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் இங்கே சுகம். நீ, உன் மனைவி, பெண்கள் இருவரும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன்.

இது யார் கையெழுத்து என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். என்னுடையதுதான். அண்ணி எழுதித் தரவில்லை. நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவும் இல்லை. வகுப்பில் டீச்சர் பலகையில் எழுதுவதைப் பார்த்து நிறைய எழுதியிருக்கிறேன். மனதில் இருப்பதை எடுத்துத் தாளில் வைப்பது இதுதான் முதல் தடவை. ஒரு வரி முடிவதற்குள் அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்துவிடுகிறது. ஆனாலும் அந்த வரியைத் திரும்பப் படித்து, நான் நினைத்தது அப்படியே அங்கே நிற்பதைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. நீ சின்ன வயதிலேயே அந்தச் சிரிப்பைச் சிரித்து முடித்திருப்பாய். எனக்கு அறுபத்தொன்பதில் வாய்த்தது.

நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் மாலை ஐந்து மணிக்கு முதியோர் கல்வி வகுப்பு. ஏழு மாதம் ஆகிறது. இப்போது கண்ணில் படுவதை எல்லாம் படிக்கிறேன். பேருந்தின் நெற்றி, மருந்துச் சீட்டு, சோப்பு உறை, ஒன்றையும் விடுவதில்லை. நம் டிராக்டர் யார்டில் சாப்பாட்டு அறைக்கு இரட்டைக் கதவு இருக்கிறதே, நினைவிருக்கிறதா? வலது கதவை நான் தினமும் தோளால் தள்ளிப் பார்ப்பேன். துருப் பிடித்திருக்கிறது என்று மெக்கானிக்கிடம் எண்ணெய் போடச் சொல்லிக்கொண்டே இருப்பேன். அதில் ‘இந்தக் கதவு திறக்காது, அடுத்த கதவு வழியாக வரவும்’ என்று எழுதியிருக்கிறது தம்பி. பதினெட்டு வருடம் என்னைப் பார்த்து அது அதையே சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது.

உன் அண்ணி போகிற வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே புகார். “இவரு படிக்க ஆரம்பிச்சதுல இருந்து கடைக்குக் கூட்டிட்டுப் போக முடியல. ஒவ்வொரு டப்பா முதுகையும் படிச்சு முடிக்கிறதுக்குள்ள கடையையே மூடிடுறாங்க.” சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமையும் இருக்கிறது. நான் கவனிக்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

இதுவரை எழுதியது நேற்று. இன்று விஷயத்துக்கு வந்துவிட வேண்டும். வரப் பயமாக இருந்ததால்தான் கதவு, டப்பா என்று சுற்றிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாய். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அணையின் பின் சரிவில் புல் வெட்டப் போவதாகவும், மழை விட்டும் விடாமலும் இருப்பதால் புல் இடுப்பளவு வளர்ந்திருப்பதாகவும், புல் வெட்டும் டிராக்டரை ஓட்டப் போவது நீதான் என்றும் சொன்னாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீ சிரித்தாய். “அண்ணே, உங்க செருப்பு பத்திரமா என்கிட்ட இருக்கு. போட்டு நின்னு பார்த்துட்டேன், வழுக்கல. அப்புறம் என்ன?” என்றாய். அந்த நிமிடத்திலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முட்டி வலியால் நான் டிராக்டர் ஓட்டுவதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். இப்போது யார்டில் வண்டிகளைக் கழுவுகிறேன், டீசல் அளந்து கொடுக்கிறேன். கால்வாயில் புதிதாக ஒரு கரையில் புல் வெட்டத் தொடங்கினால் மட்டும் மேஸ்திரி என்னை அழைத்துப் போவார். நான் சரிவில் குறுக்காக, இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்பேன். செருப்பு வழுக்கவில்லை என்றால் ஓட்டலாம். வழுக்கினால் நாளைக்குக் காயட்டும். இவ்வளவுதான் என் வித்தை. பெரியவர் செருப்பை ஆபீஸில் கண்ணாடிப் பெட்டி போட்டு வைக்க வேண்டும் என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சொல்வார். எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன் பழைய டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். நீ இங்கே இருந்தபோது ஓட்டிய அதே வண்டிதான். இடது மட்கார்டில் சேறு கல் மாதிரி இறுகியிருந்தது. தேய்த்துக் கழுவியதும் உள்ளே மஞ்சளாக ஒரு தாள் ஒட்டியிருப்பது தெரிந்தது. அந்தத் தாளை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் கையைத் தூக்கிக்கொண்டு இருக்கும் படம் அதில் இருக்கும். கம்பெனிக்காரன் விளம்பரத்துக்கு ஒருவனை ஆடவிட்டிருக்கிறான் என்று நினைத்திருந்தேன். இந்தத் தடவை படத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பார்த்தேன். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். படித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அதை அப்படியே என் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டேன். உனக்கும் எழுதுகிறேன்.

‘வண்டி கவிழ்ந்தால் உயிர் போகலாம். பாதுகாப்பு வளைவை எப்போதும் நிமிர்த்தி வைக்கவும். வளைவு நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் போடவும். பதினைந்து டிகிரிக்கு மேல் சரிவில் குறுக்காக ஓட்டக் கூடாது. வண்டி சாய்ந்தால் குதிக்காதே. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொள்.’

படத்தில் இருந்தவன் ஆடவில்லை தம்பி.

பாதுகாப்பு வளைவு என்று எழுதியிருப்பது சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு வளைவை. நாம் அதை ‘வில்’ என்போம். கரை ஓரத்து மரக்கிளையில் மாட்டுகிறது என்று நாம் முதல் வேலையாக மடக்கிப் பின்னால் படுக்க வைப்பது அதைத்தான். பெல்ட்டை நாம் என்ன செய்தோம்? சீட்டுக்கு அடியில் சுருட்டிச் செருகினோம். விழுந்தால் குதிக்க வேண்டும், பெல்ட் போட்டால் எப்படிக் குதிப்பது என்று சொன்னவன் யார்? நான்தான். மேட்டுப் பக்கம் அரைச் சீட்டில் உட்கார், ஒரு காலை வெளியே தயாராக வை, வண்டி தூக்குகிற மாதிரி தெரிந்தால் யோசிக்காமல் குதி என்று உனக்குச் சொன்னதும் நான்தான்.

இந்தத் தாள் எழுதினவன் கரையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான் என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. நேராக மெக்கானிக்கிடம் போய்க் கேட்டேன். அவர் அதிகம் பேச மாட்டார். என்னை டிராக்டரில் ஏறி உட்காரச் சொன்னார். ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஏணியில் ஏறினார். “இதை விடுறேன் பெரியவரே. கீழ விழுறதுக்குள்ள சீட்டை விட்டு இறங்கிடுங்க, பார்க்கலாம்.” விட்டார். டங் என்று சத்தம் கேட்டபோது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையைத்தான் எடுத்திருந்தேன். என் முட்டியால்தான் இப்படி என்றேன். அங்கே நின்ற டிரைவரை உட்கார வைத்தார். அவனுக்கு முப்பது வயது கூட இல்லை, ஆள் முயல் மாதிரி. ஸ்பானர் தரையில் விழுந்தபோது அவன் பாதி எழுந்திருந்தான். மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் பாதிதான். “பெரிய வண்டி, மெதுவா சாயும்னு நினைக்கிறோம்,” என்றார் மெக்கானிக். “எடை ஒரு பக்கம் போயிருச்சுன்னா கிட்டத்தட்ட இவ்வளவு நேரம்தான். பாதி எழுந்தவன் விழுற பக்கம்தான் போவான். வில் நிமிர்ந்திருந்து பெல்ட்டும் இருந்தா சீட்டுலயே இருப்பான்.”

பிறகு இருவரும் கால்வாய்க்குப் போனோம். அவர் போனில் சரிவை அளக்கும் ஒரு வசதி இருக்கிறது. கரையில் ஒரு பலகையை வைத்து, அதன் மேல் போனை வைத்தார். இருபத்தாறு டிகிரி என்று காட்டியது. பத்தொன்பது வருடமாக நான் ஓட்டலாம் என்று சொன்ன கரை அது. இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லையே என்றேன். அவர் குனிந்து பலகையை எடுத்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொல்லக்கூடாத கரை அது என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். இன்று மூன்றாவது நாள்.

நெட்டையனைப் பற்றி நாம் இருவரும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. அவன் செத்துப்போன மறு மாதம்தான் நீ அவன் இடத்தில் வண்டி ஏறினாய். அன்று அதே கால்வாய்க் கரையில் நீ இல்லை. நான் இருந்தேன். நான் பார்த்ததில் பாதியைத்தான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன்.

அது புது வண்டி. வந்து ஒரு மாதம்தான். வில்லை இன்னும் மடக்கவில்லை, அது நிமிர்ந்தே இருந்தது. மேட்டுப் பக்கச் சக்கரம் ஒரு எறும்புப் புற்றில் ஏறியது. நான் கீழே பாதையில் நின்றிருந்தேன். “குதிடா!” என்று கத்தினேன். அவன் குதித்தான். சொன்ன மாதிரியே மேட்டுப் பக்கம்தான் குதித்தான். ஆனால் கால் தரையைத் தொடவில்லை. வண்டி அவனையும் இழுத்துக்கொண்டு கீழே உருண்டது.

வண்டியைத் தூக்கும் முன் நான் குனிந்து உள்ளே பார்த்தேன். வில் தரையில் ஊன்றி நின்றது. அதற்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நிமிர்ந்து உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. சீட்டு உறையில் ஒரு கிழிசல் இல்லை. ஸ்டியரிங்கில் அவன் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பையில் இருந்த கண்ணாடிப் புட்டி கூட உடையவில்லை. இதெல்லாம் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்துவிட்டு, எல்லோரிடமும் நான் சொன்னது என்ன தெரியுமா? அவன் தாமதமாகக் குதித்துவிட்டான் என்று சொன்னேன். உன்னை வண்டியில் ஏற்றியபோது, அவனை விடச் சீக்கிரம் குதிக்க வேண்டும் என்றுதான் அரைச் சீட்டில் உட்காரச் சொல்லிக் கொடுத்தேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அன்று காலை அந்தக் கரையில் நின்று பார்த்து ஓட்டலாம் என்று சொன்னபோது நான் போட்டிருந்தது புதுச் செருப்பு. வாங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. புதுச் செருப்பு எந்தச் சரிவில் வழுக்கும்? இதை ஒரு தடவையாவது யோசித்தேனா என்றால் இல்லை. நீ ஊரை விட்டுப் போகும்போது, அங்கே கரை பார்க்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே கேட்டு வாங்கிப்போனாயே, அது அதே ஜோடிதான்.

போன வாரம் மேஸ்திரி என்னைப் புதுக் கரைக்கு அழைத்துப் போனார். நான் சரிவில் நிற்கவே இல்லை, பாதையிலேயே நின்றுகொண்டேன். ஓட்டலாமா பெரியவரே என்று கேட்டார். “எனக்குத் தெரியலைங்க,” என்றேன். இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை நான் அங்கே சொன்னதில்லை. வண்டிமேல் உட்கார்ந்திருந்த டிரைவர் சிரித்தான். “பெரியவருக்கு எழுத்து வந்துச்சு, தைரியம் போயிருச்சு.” எல்லோரும் சிரித்தார்கள். நான் என் நோட்டைப் பிரித்து மஞ்சள் தாளில் இருந்ததைப் படித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் திக்கினேன். ‘குதிக்காதே’ என்று படித்ததும் டிரைவர் சிரிப்பை நிறுத்தினான். ஸ்பானரை அவன் மறந்திருக்கவில்லை. இறங்கிவிட்டான். அந்தக் கரையைத் தோளில் மாட்டும் சின்ன மெஷினை வைத்து நான்கு பேர் ஆறு நாளாக வெட்டினார்கள். மேஸ்திரி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

அவன் சொன்னது உண்மைதான் தம்பி. எனக்குத் தைரியம் போய்விட்டது. யார்டை விட்டு ஒரு வண்டி வெளியே போனால் அது திரும்பும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இங்கே இருக்கும் வண்டிகளின் வில்லை எல்லாம் மெக்கானிக்கும் நானும் நிமிர்த்திவிட்டோம். என் பயம் முழுவதும் இப்போது உன் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நீ எட்டாவது வரை படித்தவன். வீட்டில் ஒருவனாவது படிக்கட்டும் என்று அப்பா உன்னைத்தான் அனுப்பினார். உன் வண்டியிலும் அந்த மஞ்சள் தாள் இருக்கும். நீ அதைப் படிக்காமலா இருந்திருப்பாய்? படித்திருப்பாய். படித்துவிட்டு, தாள் என்ன சொன்னால் என்ன, அண்ணன் சொன்னதுதான் சரி என்று விட்டிருப்பாய். எழுதப் படிக்கத் தெரிந்த உன்னை, தெரியாத நான் படிக்கவிடாமல் செய்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நானாக எழுதத் துணியவில்லை. எழுதச் சொன்னது யார் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

வகுப்பில் என் பக்கத்து இடம் நெட்டையன் மனைவிக்கு. உனக்கு இதைச் சொன்னதில்லை. நான் சேர்ந்த மறு வாரம் அவரும் வந்து சேர்ந்தார். என்னை விட வேகமாகக் கற்றுக்கொண்டார். நான் தடுமாறும் இடத்தில் தன் நோட்டை என் பக்கம் தள்ளி வைப்பார். போன செவ்வாய்க்கிழமை என் நோட்டு மேஜையில் திறந்திருந்தது. அண்ணே, இது என்ன புதுப் பாடமா என்று கேட்டபடி எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். நான் பிடுங்கியிருக்கலாம், கை வரவில்லை. திக்காமல் கடைசி வரை படித்தார். கடைசிக்கு முந்தின வரியில் விரல் நின்றது. மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார், இந்தத் தடவை வாய்க்குள்ளே.

நெட்டையன் போன அன்று நான் எங்கே நின்றிருந்தேன், என்னவென்று கத்தினேன் என்பது அவருக்குத் தெரியும். அன்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் என்ன கேட்டாலும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மூடி இல்லாமல் கிடந்த என் பேனாவை எடுத்து மூடினார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“உங்க தம்பிக்குச் சொல்லிட்டீங்களா அண்ணே?”

போனில் சொன்னால் சிரிக்கிறான் என்றேன்.

“அப்ப எழுதுங்க. காதுல விழுந்தா சிரிப்பாரு. எழுதினது அவர் கையில இருக்கும்ல.”

தன் நோட்டிலிருந்து நான்கு தாளைக் கிழித்துக் கொடுத்தார். நீ இப்போது பிடித்திருப்பது அந்தத் தாள். ஓரத்தில் தைத்த நூல் ஒட்டிக்கொண்டிருக்கும், பார். அவரிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஏழு மாதம் படித்த எழுத்து அதற்குப் போதவில்லை. வாயும் வரவில்லை.

தம்பி, இனி நான் எழுதப் போவதை உன் அண்ணன் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. அந்தத் தாளில் இருப்பதை நீயே போய் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள். வில்லை நிமிர்த்து. இரண்டு பக்கமும் பூட்டு ஆணி போட்டிருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார். உன் அணைச் சரிவில் ஒரு மரம் கூட இல்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்புறம் எந்தக் கிளைக்குப் பயந்து மடக்கி வைத்திருக்கிறாய்? நான் சொன்னேன் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. வில் நிமிர்ந்த பிறகு பெல்ட்டைப் போடு. வில் மடங்கியிருந்தால் பெல்ட் போடக் கூடாது, இரண்டும் சேர்ந்துதான் காப்பாற்றும் என்று மெக்கானிக் எழுதச் சொன்னார். முழுச் சீட்டில் உட்கார். சரிவை அளக்கச் சொல். பதினைந்துக்கு மேல் காட்டினால் ஏறாதே, இறங்கி வா. பயந்தாங்கொள்ளி என்பார்கள். என்னையும் சொன்னார்கள், கேட்டுக்கொண்டு சாப்பிட்டேன், ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அந்தச் செருப்பை இன்றே தூக்கி எறி. பக்கத்துக் குப்பைத் தொட்டியில் போடாதே, மனசு கேட்காமல் திரும்ப எடுத்துவிடுவாய். தூரமாய்க் கொண்டுபோய்ப் போடு.

நீ சின்னவனாக இருந்தபோது நான் குதி என்று சொன்னால் எந்த மதில் மேலிருந்தும் குதிப்பாய். கீழே நான் பிடிப்பேன் என்று நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பாய். இப்போது உன் கீழே நான் இல்லையடா.

உன் அண்ணி உனக்கும் உன் மனைவிக்கும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். பெண்கள் இருவருக்கும் முத்தம். தபால் நான்கு நாளில் சேரும் என்று எழுதிப் போட்டிருந்ததைத் தபால் நிலையத்தில் நானே படித்தேன். முதல் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. படித்ததும் போன் செய்துவிடாதே. சிரிப்பாய், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். எனக்குப் பதில் எழுது. வில்லை நிமிர்த்தினேன், பெல்ட் போட்டேன் என்று இரண்டே வரி போதும். பெரிய எழுத்தாக, சேர்த்து எழுதாமல் பிரித்து எழுது.

இதுவரை எனக்கு யாரும் கடிதம் எழுதியதில்லை. யார் எழுதினாலும் இனி நானே படித்துவிடுவேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வாழ்நாளில் நான் பிரித்துப் படிக்கும் முதல் கடிதம் நீ எழுதியதாக இருக்க வேண்டும் தம்பி. உன்னைப் பற்றி வேறு யாரோ எழுதியதாக இருந்துவிடக் கூடாது.

நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அண்ணன்